கத்தியின் முதுகு

(எங்கள் ஊர் நூலகத்து மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு, சிற்சில இடங்களில் மட்டும் திருத்தி, பேசியவாறே அச்சிடப்படுகிறது.)



சென்ற மாதம் இதே மேடையில் புலவர் ஒருவர் சிலப்பதிகாரத்துக் கானல்வரியை ஒன்றரை மணி நேரம் விரித்துரைத்துக் கேட்டோர் நெஞ்சையெல்லாம் புகார்க் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வந்தார் என்றும், அதற்குப் பின் இந்த மாதம் சவரக் கத்தியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருப்பது சற்றே துணிவான காரியம் என்றும் அவைத் தலைவர் தமது முன்னுரையில் குறிப்பிட்டார்கள். அவர்களுடைய அபிப்பிராயத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பணி ஓய்வும் பெற்று, பேரனும் பிறந்த பிறகு, ஐம்பத்தெட்டாவது வயதில் முகம் மழிக்கக் கற்றுக்கொண்டவன் நான். அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளும் தாடியோடு திரிந்தேன் என்று கருதிவிடாதீர்கள். எல்லாரையும் போலப் பாதுகாப்பு ரேசரை வைத்துக் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

உலகம் எக்காலத்தும் கத்தியின் கூரையே புகழ்ந்து வந்திருக்கிறது. மெய்ஞ்ஞானத்தை நாடிச் செல்லும் வழி க்ஷுரதாரையைப் போல, அதாவது சவரக் கத்தியின் விளிம்பைப் போல, கடப்பதற்கு அரியது என்று கடோபநிஷதம் உவமை கூறுகிறது. 1938-ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்துச் சென்ற ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம், அந்த உவமையையே தலைப்பாக வைத்து 1944-இல் ஒரு நாவல் வெளியிட்டார். ரிஷியும் சரி, நாவலாசிரியரும் சரி, கத்தி என்றதும் அதன் வெட்டும் ஓரத்தைத்தான் கண்டார்களே ஒழிய, அதற்கு நேர் எதிரே, யாரையும் வெட்டாமல், யாராலும் கவனிக்கப்படாமல், தடித்துக் கிடக்கும் இன்னோர் ஓரத்தை அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. அந்தத் தடித்த ஓரத்திற்குத் தமிழில் முதுகு என்று பெயர். இன்றைய என் பேச்சு, சுருங்கச் சொன்னால், அந்த முதுகின் ஸ்தோத்திரம்.

பழைய மடக்குக் கத்தியைப் பார்த்திராத இளைஞர்கள் இங்கே பலர் இருப்பதால் அதன் அங்கங்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்று அங்குல நீளமுள்ள எஃகு அலகு ஒன்று. அது மடிந்து உறங்குவதற்குக் கொம்பாலோ மரத்தாலோ ஆன பிடி ஒன்று. இரண்டையும் கோத்து நிற்கும் ஆணி. ஆணிக்கு அப்பால் சிறுவிரல் பதிய வளைந்து நிற்கும் வால். அலகின் வெட்டும் ஓரத்தை நம்மவர்கள் வாய் என்பார்கள். மனிதனுக்கு வாயும் முதுகும் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தால், கருவிக்குப் பெயரிட்ட நம் முன்னோரின் நகைச்சுவை புலப்படும். வாயிலிருந்து முதுகு வரை அலகின் அகலம் முக்கால் அங்குலம், ஏறத்தாழப் பத்தொன்பது மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். முதுகின் தடிப்பு ஐந்தரை மில்லிமீட்டர். அந்த அலகைக் கல்லின்மேல் தட்டையாகப் படுக்க வைத்தால், முதுகும் படுகிறது, வாயும் படுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதி, இரு பக்கமும் குழித்துக் கடையப்பட்டிருப்பதால், கல்லைத் தொடுவதில்லை. அவ்வாறு இருபுறமும் படுக்க வைத்துத் தேய்த்தால் வாயில் அமையும் கோணம் பதினாறு பாகைக்குச் சற்று மேல். அருவாமனையையோ சமையல் கத்தியையோ தீட்டுகிறவன் கோணத்தைத் தன் மணிக்கட்டில் வைத்திருக்க வேண்டும். சவரக் கத்தியைத் தீட்டுகிறவனுக்கோ அந்தக் கோணத்தை முதுகே வைத்துக்கொள்கிறது. இதிலும் சூக்ஷ்மமான ஒரு விசேஷம் உண்டு. ஆண்டுக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அலகின் அகலம் குறைகிறதல்லவா? அப்பொழுது கூடவே முதுகும் தேய்கிறது. இரண்டும் ஒரு கணக்காகத் தேய்வதால், பாட்டன் கையில் இருந்த கோணம் பெரிதும் பழுதுபடாமல் பேரன் கைக்கு வந்து சேருகிறது. இதை முதன்முதலில் யார் யோசித்தார் என்று எந்த நூலிலும் நான் காணவில்லை. அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். முகம் தெரியாததால் முதுகை மட்டும் வடித்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தப் பித்து எனக்கு எப்படி ஏற்பட்டது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அடுத்த மாதம் பரணில் இருந்த தகப்பனாருடைய தகரப் பெட்டியை இறக்கினேன். பத்திரங்கள், ஒரு மூக்குக் கண்ணாடி, தையல் பிரிந்த ஒரு பஞ்சாங்கம், இவற்றின் அடியில் ஒரு துணிச் சுருணைக்குள் கத்தி இருந்தது. அலகின் கழுத்தில் ஸோலிங்கன் என்ற ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. ஜெர்மனியில் உள்ள அந்த ஊர் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பெயர்போனது. அங்கே செய்யாத சரக்கில் அந்த ஊரின் பெயரைப் பொறிக்கக்கூடாது என்று 1938-இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். நம் ஊர் வெற்றிலைக்கும் மல்லிகைக்கும் அப்படியொரு சட்டம் அந்நாளிலேயே இருந்திருக்கலாம்; அது வேறு கதை. கத்தியில் துரு புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. தகப்பனார் அதைக் கையாண்டதை நான் கண்டதில்லை; அவருக்கும் எனக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொல்லைப்புறத்துப் பூவரச மரத்தடியில் வைத்துச் சவரம் செய்துவிட்ட பெரியவர்தான் அதைத் தீட்டி வைப்பார் என்று அம்மா சொன்ன ஞாபகம் மட்டும் இருந்தது.

கடைத்தெருவில் உள்ள முடிதிருத்தும் நிலையம் ஒன்றுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த இளைஞர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். அவர் கையில் இருந்தது, இரட்டை வாய் பிளேடை நடுவே ஒடித்துப் பாதியை மாட்டும் பிடி. 1986-இல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பின்வந்த ஆண்டுகளில், ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் நம் கடைகளில் வேரூன்றியது. பழைய கத்தி, அடைப்பம் என்னும் நாவிதர் பைக்குள் போய் உறங்கிவிட்டது. அது நியாயமான மாற்றமே. நான் அதைக் குறை கூறவில்லை. ஒரு முகத்துக்கு ஒரு கத்தி என்பது சுகாதாரம். ஊருக்கு ஒரு கத்தி என்பது இன்று தகாது. "சார், இதெல்லாம் எங்க தாத்தா கேஸ். வீட்டுக்கு வாங்க, அவரு இன்னும் இருக்காரு" என்றார் அந்த இளைஞர்.

தாத்தாவைப் பார்த்தவுடன் எனக்கு நாக்கு எழவில்லை. பூவரச மரத்தடிப் பெரியவருடைய மகன் அவர். என்னைவிட இருபது வயது மூத்தவர்; சிறுவனாகத் தகப்பனார் பின்னே அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தவர். வாசல் வழியாக அவர்களை எங்கள் வீட்டில் யாரும் அழைத்ததில்லை. அறுவடைக் காலத்தில் மரக்கால் நெல் அளந்து போட்டதோடு எங்கள் குடும்பத்தின் கடமை தீர்ந்தது. மருத்துவர் என்று பெயர் பெற்று, கட்டி கீறவும் காயத்துக்கு மருந்து கட்டவும் வல்லவர்களாய், வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பவர்களாய், பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே உள்ள எல்லாச் சடங்குக்கும் இன்றியமையாதவர்களாய் இருந்த ஒரு கூட்டத்தாரை, கழுத்தை நம்பிக் கொடுத்துவிட்டுத் திண்ணையை மட்டும் கொடுக்க மறுத்த நம் ஊர்களின் நடத்தையை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கத்தியை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, விளிம்பைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தார். "ஒரே சீரா தேஞ்சிருக்கு. எங்கப்பா கை இது" என்றார்.

துருவை நீக்கிக் கல்லில் போட்டு வாய் எடுக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. கல்லைப் பற்றி விரிவாகப் பேசினால் இரவு ஆகிவிடும். பெல்ஜியம் நாட்டு ஆர்டென் மலைப் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் செறிந்திருப்பதால் அது சவரக் கத்திக்கென்றே படைத்தது போன்றது என்பதையும், அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வெட்டியெடுக்கும் நோவாகுலைட் என்ற கல்லுக்கு அந்தப் பெயர் வந்ததே லத்தீன் மொழியில் சவரக் கத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் என்பதையும் மட்டும் சொல்லி மேலே போகிறேன். பெரியவரிடம் இருந்ததோ கருநிறமான, பெயர் தெரியாத, அவருடைய தாத்தா காலத்துக் கல் ஒன்று.

கல் ஆண்டில் சில தடவை, வார் அன்றாடம். இதுதான் கற்கவேண்டிய முதல் பாடம். தீட்டுவதற்குரிய தோல் வார் என்பது மூன்று அங்குல அகலமும் ஒன்றரை அடிக்கு மேல் நீளமும் உள்ள ஒரு பட்டை. பின்புறம் கித்தான், முன்புறம் தோல். ஐரோப்பியர் குதிரையின் பின்தொடைத் தோலை விசேஷமாகக் கொண்டாடுவர். பெரியவருடைய வார் எருமைத் தோல். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறு முனையை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையால் கத்தியை அதன்மேல் படுக்கவைத்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே தொடர, ஒரு கோடி வரை கொண்டுபோய், அங்கே கத்தியை முதுகின்மேலேயே புரட்டி, மறு பக்கத்தால் திரும்பி வரவேண்டும். கல்லில் வாய் முன்னே போகிறது; வாரில் முதுகு முன்னே போகிறது. கேட்பதற்கு இவ்வளவு எளிதாக இருக்கும் இந்தக் காரியத்தில் தேர்ச்சி பெற எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அத்தனை நாளும் கத்தியை என் முகத்தருகே கொண்டுபோக அவர் அனுமதிக்கவே இல்லை.

இதில் இடறி விழும் இடம் திருப்பம். கோடிக்குப் போய்ச் சேர்ந்த கை, திரும்ப வரும் அவசரத்தில், கத்தியைப் புரட்டி முடிப்பதற்கு முன்பே இழுத்துவிடுகிறது. அப்போது முதுகு எழும்பி வாய் தோலைக் கடிக்கிறது. இரண்டாம் நாளே கடித்தது. வாரின் மேற்கோடியில் பிறைச் சந்திரன் வடிவில் ஒரு துண்டு மேலெழும்பி நின்றது. சிறு பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களில் ஆயிரக்கணக்கான சிவப்புக் கோடுகள் போட்ட என் கை, முதல் தடவையாகத் தன் பிழையைத் தானே பொறித்து வைத்தது. நான் வருந்தி நிற்க, பெரியவர் அந்தத் துண்டைச் சீவி எறிந்து, பிசின் தடவி, தேய்கல்லால் தேய்த்துவிட்டு, "எல்லா வாரிலயும் ஒரு பிறை இருக்கும் வாத்தியாரய்யா. ரெண்டாவது பிறை இருந்தாத்தான் ஆளு சரியில்லை" என்றார்.

அவருடைய உபதேசம் முழுவதும் ஒரு வாக்கியம்தான்: "முதுகு படுத்துக்கட்டும், வாய் தானா வந்துடும்." முதுகு தோலைவிட்டு எழும்பாதவரை வாய்க்கு ஒரு தீங்கும் நேராது. அழுத்தவும் கூடாது. அழுத்தினால் தோல் குழிகிறது. குழிந்த தோல், முன்னே செல்லும் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து எழுந்து, வாயை உருட்டிவிடுகிறது. வார் தொய்ந்து தொங்கினாலும் அதே கதி. அலகின் நீளமும் வாரின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அடிமூலையிலிருந்து நுனி வரை எல்லா இடமும் சமமாகத் தோலைத் தொடும்படி கை சற்றுக் குறுக்காகவும் போகவேண்டும். கித்தானில் முப்பது தடவை, தோலில் அறுபது தடவை. எண்ணிக்கையை நான் உரக்கச் சொல்லிக்கொண்டே தீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சொன்ன எண்களை அவர் கேட்டதாகத் தோன்றவில்லை. அவர் கேட்டது தோலின் சத்தத்தை. போகும்போது ஒரு சுருதியிலும் வரும்போது வேறு சுருதியிலும் கத்தி பேசினால், ஒரு பக்கம் கை சாய்கிறது என்று பொருள். "எடப்பக்கம் கொரகொரன்னுது" என்பார். குழித்துக் கடைந்த மெல்லிய அலகு, நல்ல தம்புராவைப் போலத் தன் குறையைத் தானே சொல்லிவிடும். இடைவேளையில் அவர் தம் உள்ளங்கையிலேயே இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டுவார். அந்தக் கையின் ரேகைகளில் பாதி அழிந்திருந்தன.

வாரில் உண்மையில் நிகழ்வது என்ன? சவரக் கத்தியின் வாய் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. அத்தனை மெல்லிய எஃகுக்குக் காற்றின் ஈரமும் பகைதான். சவரம் முடிந்து ஈரம் துடையாமல் வைத்தால், மறுநாளைக்குள் விளிம்பு அரிக்கப்பட்டுவிடும். சோப்பின் எச்சத்தையும் ஆக்ஸைடையும் துடைத்து, கோணலான இடங்களை ஒழுங்குபடுத்துவதே வாரின் தொழில் என்பது அனுபவஸ்தர்களின் கூற்று. பழங்காலச் சீமான்கள் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்திகள் அடங்கிய பெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். பாருங்கள், கிழமையை எழுதுவதற்குக்கூட முதுகைத்தான் தேடியிருக்கிறார்கள்! கத்திக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஏழு கத்தி வாங்க வசதியும் வேண்டும் என்பது நம்முடைய சேர்க்கை.

மயிரைவிட எஃகு ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருக்க மயிரை வெட்டி எஃகு ஏன் மழுங்கவேண்டும் என்று என் மாணவர்கள் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இதைப் பரிசோதித்தார்கள். மயிர் கத்தியைத் தேய்ப்பதில்லை. எஃகின் உள்ளமைப்பில் ஓரிடம் கடினமாகவும் அடுத்த இடம் மென்மையாகவும் இருக்க, மயிர் வளைந்து சாய்வாகத் தாக்கினால், அந்தச் சந்தில் விளிம்பிலிருந்து நுண்துணுக்கு உதிர்ந்துபோகிறது என்று ஸயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஆகையால் ஒரே சீரான எஃகு என்பதுதான் கத்தி செய்கிறவனின் மூலதனம்.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றிச் சற்றுப் பெருமை பேசிக்கொள்ள அவை அனுமதிக்கவேண்டும். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் சேர்த்து மண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, உலையில் ஊதி உருக்கெடுக்கும் வித்தை தென்னிந்தியக் கொல்லர்களுக்குக் கைவந்திருந்தது. அந்த உருக்கு வூட்ஸ் என்ற பெயரோடு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்ட்ராண்டு வீதியில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி, ரணசிகிச்சைக் கருவிகளையும் சவரக் கத்திகளையும் இந்திய உருக்கில் செய்வதாகவும், ஐரோப்பாவின் தலைசிறந்த எஃகைவிட அதையே தாம் மேலாகக் கருதுவதாகவும் தம் விலாசச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார். அந்த உருக்கின் ரகசியத்தை ஆராய அவர் கூட்டாகச் சேர்த்துக்கொண்ட இளைஞர் யார் தெரியுமா? மின்சாரத்தால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே. இருவரும் எஃகுக் கலவைகளைப் பற்றி 1820-இலும் 1822-இலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இங்கிலாந்திலோ அதற்கு முன்பே, கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரு சீரான எஃகு கிடைக்கவில்லையே என்று வருந்திய பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் 1740-களில் மூசையில் எஃகை உருக்கும் முறையை ஷெபீல்டில் நிறுவியிருந்தார். ஷெபீல்டுக் கத்தியின் கீர்த்தி அதிலிருந்து எழுந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்த ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நம் கொல்லர்களின் முறையைக் கவனித்து எழுதியவர். பின்பு ஊர் திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்று, அதைப் பிறர் எடுத்துக்கொள்ள, வழக்காடியே நொந்து 1851-இல் மறைந்தார். நம் கொல்லர்களோ எந்தக் காப்புரிமையும் கேட்டவர்களல்லர். ஜெர்மன் முத்திரையோடு என் பெட்டியில் கிடந்த கத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எருக்கிலையின் வாசனை எனக்கு வருவதுண்டு. ரசாயன வாத்தியாரின் பிரமை என்று மன்னித்துவிடுங்கள்.

இனி முகத்துக்கு வருவோம். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது என்பது உலகில் பழமையும் புதுமையும் கலந்த வழக்கம். பௌத்த பிக்ஷு வைத்துக்கொள்ளலாம் என்று விதித்த எட்டுப் பொருள்களில் சவரக் கத்தியும் ஒன்று. புத்தர் பெருமான் மறைந்தபின் கூடிய முதல் சங்கத்தில் விநய விதிகளை ஓதிய உபாலி, பூர்வாசிரமத்தில் நாவிதர். ஆனால் இல்லறத்தான் பிறர் கையைத்தான் நம்பியிருந்தான். பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெர்ரே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூல் ஒன்றை 1769-இல் எழுதினார். பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் இதைக் குறித்து ஓர் அழகான கணக்குப் போடுகிறார்: ஓர் ஏழை வாலிபனுக்கு ஆயிரம் கினி கொடுப்பதைவிட, கத்தியைப் பழுதில்லாமல் வைத்துத் தானே மழித்துக்கொள்ளக் கற்பித்தால் அவன் வாழ்நாளில் அடையும் சுகம் அதிகம், பணம் செலவாகிவிடும், இதுவோ மொட்டைக் கத்திக்கும் காத்திருப்புக்கும் தப்பும் அன்றாட இன்பம் என்பது அவர் கருத்து. சவரத் தொழிலாளியின் விரல்களைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் அவர் அங்கே சொல்லும் நிந்தையை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

பதினொரு வாரம் கழிந்த பின், பெரியவர் திருவிழாக் கடையில் ஒரு பலூன் வாங்கி வரச் சொன்னார். ஊதிக் கட்டி, நுரை தடவி, அதை மழிக்கச் சொன்னார். மூன்று பலூன்கள் என் முகத்தில் வெடித்தன. பேரனுக்கு அன்றைக்கு நான் உலகிலேயே சிறந்த தாத்தா. நான்காவது பலூன் பிழைத்தது. "நாளைக்கு வலது கன்னம். கன்னம் மட்டும்" என்றார்.

கன்னத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அது அகன்ற, தட்டையான, எலும்பின் துணையுள்ள இடம். மயிர் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாவதற்கு இரண்டு மூன்று நிமிஷமாவது வேண்டும். ஆகையால் வெந்நீர்த் துணி, பிறகு தூரிகையால் குழைத்த நுரை. ஆள்காட்டி விரல் முதலாக மூன்று விரல்கள் கத்தியின் கழுத்தின்மேலும், கட்டைவிரல் அடியிலும், சிறுவிரல் வாலிலும் அமர, பிடி மேலே நிமிர்ந்து நிற்கும். மற்றக் கையால் தோலை மேல்நோக்கி இழுத்து விறைப்பாக்கவேண்டும். தளர்ந்த தோல்தான் வெட்டுப்படுகிறது. அங்கேயும் முதுகே பிரமாணம்: கன்னத்துக்கும் முதுகுக்கும் நடுவே முதுகின் தடிப்பளவு இடைவெளி இருந்தால், சாய்வு முப்பது பாகைக்கு உட்பட்டு அமையும். அதற்கு மேல் நிமிர்த்தினால் கத்தி சுரண்டும். முற்றிலும் படுத்தால் மயிரைப் பிடுங்கும். மயிர் முளைத்த போக்கிலேயே மழிக்கவேண்டும். கத்தியின் கனமே போதும், கையின் கனம் வேண்டியதில்லை. எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று: வாய் தோலைத் தொட்டிருக்கும்போது, வாயின் நீளப் போக்கில் நூலளவும் நகர்த்தலாகாது. குறுக்கே போனால் மழிக்கும், நெடுக்கே போனால் அறுக்கும். வாழைக்காயைச் சீவுவதற்கும் நறுக்குவதற்கும் உள்ள வேற்றுமை.

வலக்கன்னம் வலக்கைக்கு, இடக்கன்னம் இடக்கைக்கு. ஐம்பத்தெட்டு ஆண்டு எழுதாத, சாப்பிடாத, வணங்கும்போது மட்டும் வலக்கையோடு சேர்ந்த என் இடக்கை, முதல் நாள் கத்தியைப் பிடித்தவுடன் நடுங்கியது. ஆனால் ஓர் ஆச்சரியம்: ஒரு மாதத்துக்குள் இடக்கை வலக்கையை முந்திவிட்டது. வலக்கைக்கு நாற்பது ஆண்டு ரேசரின் பழக்கம், அழுத்தும் பழக்கம், இருந்தது. இடக்கைக்கோ மறக்கவேண்டியது ஒன்றுமில்லை. தொண்டைக்கு இறங்க மூன்று வாரம். மோவாய்க்கு இன்னும் இரண்டு. மேலுதடு கடைசி. மூக்கு வழிமறிக்கும் அந்தச் சிறு நிலத்தில் எத்தனையோ நாள் படிகாரக் கல்லை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முட்டாளை நான் நொந்திருக்கிறேன்.

ஜில்லெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் கோபிப்பார்கள். கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளுந்தான். 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைகளில் ஏறி அது உலகத்தை வென்றது. தீட்ட வேண்டாத கத்தி என்பதே அவருடைய யோசனை. அதாவது முதுகில்லாத கத்தி. முதுகில்லாததை மழுங்கியவுடன் எறிவதைத் தவிர வேறு என்ன செய்யமுடியும்?

இரண்டு ஆண்டுகள் சென்றபின், பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்து, கையும் ஆடத் தொடங்கிற்று. ஒருநாள் காலை, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம் கால்களில் இருந்ததால் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போகப் புறப்பட்டவரை, நான் கையைப் பிடித்து வாசல் வழியாக அழைத்து வந்து திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் நாலுபக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு நீங்க எனக்குச் செய்யுங்க" என்றார். "கடையில் பேரன் செய்யமாட்டானா, பெரியவரே?" என்றேன். "அவன் அரை பிளேடால சொரண்டுவான். எனக்கு எங்கப்பா கத்தி வேணும்" என்றார். ஒரு முகத்துக்கு ஒரு கத்தி என்று சற்று முன் பிரசங்கம் செய்தவன், அன்றைக்கு அந்தக் கத்தியைச் சாராயத்தில் துடைத்து, அவர் கன்னத்தில் வைத்தேன். பிறர் முகத்தில் கத்தி வைத்தது எனக்கு அதுவே முதல் தடவை. தெருவில் போனவர்களில் இரண்டொருவர் நின்று பார்த்தார்கள். பாதி ஆகும்போது கையை உயர்த்தி நிறுத்தினார். "நுனியில வாய் தூங்குது. வாரை எடுத்தாங்க." எடுத்து வந்தேன், அவர் கேட்க, பத்து இழுப்பு இழுத்தேன். "ம்" என்றார். மிகுதியையும் முடித்துப் படிகாரம் தடவிய பிறகு, புறங்கையால் முகம் முழுவதையும் ஒருமுறை பரீட்சித்துவிட்டு, "மேலுதட்டுல இன்னும் பயப்படுறீங்க" என்றார்.

அந்த வாரை இன்று கொண்டு வந்திருக்கிறேன். மேற்கோடியில் என் பிறை இருக்கிறது. கத்தியைக் கூட்டத்துக்குக் கொண்டு வரவேண்டாமென்று தலைவர் கேட்டுக்கொண்டதால் அது வீட்டிலேயே இருக்கிறது. விரும்புகிறவர்கள் மேடைக்கு வந்து தோலைத் தொட்டுப் பார்க்கலாம். பின்வரிசையில் சுண்டல் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிகிறேன். உப்புப் பட்ட கை கத்திக்கு ஆகாது, ஆதலால் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.